கானாவுக்குப் போகவில்லை என்று சொன்ன மகனுக்கு

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு உங்கப்பா வந்து என்னவாம் என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லீங்க, சாப்பிட்டானாம்" என்று சொல்லிச் சமாளித்தேன். நீ சொன்னதை அவரிடம் எப்படிச் சொல்வது? "அப்பாவுக்கு இப்படி ஆன பொறகு ரெண்டு வருசம் கானாவுல போய் உக்கார மனசு வரலைம்மா. வர முடியாதுன்னு எழுதிடறேன். பீளமேட்டுலயே ஒரு காலேஜ்ல பாடம் நடத்த எடம் இருக்குதாம். நம்ம ஊட்டுலருந்தே போய்ட்டு வந்துக்கலாம்" என்றாய். இதைக் கேட்டால் எந்தத் தாய்க்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. தினமும் சாயங்காலம் நீ வந்து வாசலில் செருப்பைக் கழற்றிப் போடுவதும், அது நேராகக் கிடக்காததற்கு நான் கத்துவதும் எல்லாம் கண்ணில் வந்து போயின. அடுத்த நிமிடமே கோபம் வந்துவிட்டது. போனில் கோபப்பட்டால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டிவிட்டு உன் இஷ்டப்படிதான் செய்வாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதியதை வேறு யார் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. பிள்ளையைத் தூரதேசம் அனுப்புவதா வேண்டாமா என்று குழம்பிக்கொண்டிருக்கிற தாய் தகப்பன் யாராவது இருந்தால் அவர்களும் படிக்கட்டும்.

நீ என்ன படிக்கிறாய் என்று ஊருக்கு விளக்கிச் சொல்லியே நான் ஓய்ந்துபோனேன், அது உனக்குத் தெரியாது. கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கிற நேரம் இருக்கிறதே, நம் ஊரில் அதுதான் விசாரணை நேரம். ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் ஆரம்பித்தார். "ஏனுங்க, பையன் என்ன பண்றாப்லீங்க?" "மேல படிக்கிறானுங்க." "இஞ்சினீயரிங்குங்களா?" "இல்லீங்க, சமூகத்தைப் பத்திங்க." "ஓ, சமூக சேவைங்களா? நல்லதுதானுங்க, ஆனா அதுல சம்பளம் வராதுங்களே!" நானும் விடவில்லை. "சேவை இல்லீங்க. உலகத்துல ஒவ்வொரு ஊர்லயும் மனுசங்க எப்படிப் பொழைக்கறாங்க, எப்படிப் பொண்ணு கட்டறாங்க, எதுக்குச் சண்டை போட்டுக்கறாங்கன்னு ஒண்ணோட ஒண்ணு வெச்சுப் பாக்கற படிப்புங்க" என்றேன். அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அதுக்கு எதுக்குங்க யுனிவர்சிட்டி? எங்க சந்துல வந்து ஒரு வாரம் குடியிருந்தாப் போதாதுங்களா?" என்றார். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன், வேறென்ன செய்ய? அதற்குப் பிறகு யார் கேட்டாலும் "கலெக்டர் பரீட்சைக்குப் படிக்கறானுங்க" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவேன். உனக்குத் திடீரென்று பெரிய இடத்து ஜாதகங்களாக வந்தது அதனால்தான். இப்போது சொல்லிவிட்டேன், திட்டாதே.

உங்கப்பாவுக்கும் அப்போது மனசு ஆறவில்லை. வாடகைக் கட்டடத்தில் ஒற்றை லேத்தோடு ஆரம்பித்து, நான் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்ற, அவர் லேத்தில் இரும்பைக் கடைசல் பிடிக்க, இரண்டு பேருமாகச் சேர்ந்து நிறுத்திய பட்டறை அது. நீ வயிற்றில் இருந்தபோதுகூட நான் காயில் சுற்றுகிற வைண்டிங் மேசையை விட்டு எழவில்லை. பம்புசெட் மோட்டாரின் சத்தத்திலேயே வளர்ந்த பையன் மோட்டார் பக்கமே திரும்பாமல் மனுசங்களைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்றால் யாருக்குத்தான் மனசு ஆறும்? "மோட்டார்னா கழட்டிப் பாத்து எங்க கோளாறுன்னு சொல்லலாம். மனுசனை எங்க போட்டுக் கழட்டுவான் உன்ற பையன்?" என்று என்னைக் கேட்பார். அதற்குப் பதில் ஒரு ஆயுத பூஜைக்குப் பிறகுதான் கிடைத்தது.

வெள்ளகோவில் மாமா வருடா வருடம் நம் பட்டறை பூஜைக்கு வருவார். என் கூடப்பிறந்த அண்ணன், ஒரே அண்ணன். பட்டறைக்குப் பூஜை போட்ட முதல் நாளில் பூசணிக்காய் உடைத்தவர் அவர்தான். அந்த வருடம் அவரும் உன் அத்தையும் காரில் வந்து இறங்கியபோது நான் உள்ளே பொரியும் கடலையும் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தேன், உங்கப்பா மெஷினுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார். நம் லேத் ஆப்ரேட்டர், ஒடிசாக்காரன் ரமேஷ், ஏணியில் நின்று மாவிலை கட்டிக்கொண்டிருந்தான். கேட்டுக்குப் பக்கத்தில் அவன் மனைவி சபிதா, ஒடிசாவிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண், கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். மாமாவைப் பார்த்ததும் அவள் சேலைத் தலைப்பை நெற்றிக்குக் கீழே இழுத்து முகத்தை மூடி, சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டாள்.

உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்கள் படித்தால் புரிய வேண்டுமே என்று சொல்கிறேன். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வந்தால் அங்கே இருக்கிற ஒவ்வொருவரும் அவர் முகத்தைப் பார்த்துத் தனித்தனியாக "வாங்க" என்று கேட்க வேண்டும். ஒருவர் கேட்டாயிற்று, போதும் என்று மற்றவர்கள் சும்மா இருக்க முடியாது. சின்னக் குழந்தையைக்கூட முதுகில் தட்டி, "மாமாவை வாங்கன்னு கேளு சாமி" என்று பழக்குவோம். நான்கு பேர் கேட்டு ஒருவர் கேட்காமல் விட்டால் வந்தவருக்கு அந்த ஒருவர்தான் மனதில் நிற்பார். "என்னை வாங்கன்னு கேக்கல" என்று பந்தியில் உட்காராமலேயே திரும்பி வந்த குடும்பங்கள் உண்டு, அதோடு கொடுக்கல் வாங்கல் நின்றுபோன பங்காளிகளும் உண்டு. மாமா அந்த வழியில் வந்தவர். ஏணியில் இருந்தவன் முதுகைக் காட்டி நிற்கிறான், கீழே நின்ற பெண் முகத்தையே திருப்பிக்கொண்டாள். அவர் பட்டறைக்குள் வந்தார், சாமியைக் கும்பிட்டார், இலையில் உட்காரவில்லை. "ஒரு பொம்பளை என்னைக் கண்டதும் மூஞ்சியைத் திருப்பிட்டு நிக்குது. வாசல்ல ஒருத்தனும் வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. அந்தக் குடும்பம் இங்க இருக்கற வரைக்கும் நா இந்தப் படி மிதிக்க மாட்டனுங்க மாப்ளே" என்று உங்கப்பாவிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். உன் அத்தை என் கையை ஒரு தடவை பிடித்துவிட்டுப் போனார்.

உங்கப்பா இரண்டு நாள் யோசித்தார். ரமேஷைப் போல ஒரு வேலைக்காரன் கிடைக்க மாட்டான். ஆனால் மைத்துனர் உறவு போனால் திரும்ப வராது. "கணபதி ஏரியாவுல தெரிஞ்ச பட்டறை ஒண்ணு இருக்குது, அவனை அங்க சேத்து உட்டர்லாம்" என்று என்னிடம் சொன்னார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. வேலையாட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லைன் வீட்டில் அப்போதுதான் அடுப்பு வைத்துக் குடித்தனம் ஆரம்பித்திருந்த பெண்ணை நான் ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. அண்ணன் வராத ஆயுத பூஜையைத்தான் நினைத்தேன். அந்த நேரத்தில்தான் நீ படிக்கிற ஹைதராபாத்திலிருந்து லீவுக்கு வந்தாய்.

நீ எங்களுக்கு ஒரு பெரிய பிரசங்கம் செய்யப் போகிறாய் என்று நான் பயந்தேன். படித்த பிள்ளைகள் அப்படித்தானே செய்கிறார்கள்? நீ ஒன்றும் சொல்லாமல் லைன் வீட்டுக்குப் போய் ரமேஷோடும் சபிதாவோடும் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பேசினாய். திரும்பி வந்து, "அந்தக்கா ஊர்ல பெரியவங்க வந்தா அப்படித்தாம்மா செய்வாங்களாம். மொகத்தைக் காட்டிட்டு நின்னாத்தான் தப்பாம்" என்றாய். போய் மாமாவிடம் சொல்லிவிடு, பிரச்சினை தீர்ந்தது என்றேன். நீ சிரித்தாய். "நாஞ் சொன்னா மாமா கேப்பாரும்பீங்களா? உன்ற படிப்பை எங்கிட்டக் காட்டாதம்பாரு. நான் போய்க் கேட்டுட்டு வாரேன்" என்றாய். சொல்லப் போகாமல் கேட்கப் போகிறானே, இதென்ன கூத்து என்று நானும் உன்னோடு சிங்காநல்லூரில் பஸ் ஏறினேன்.

மாமா கோபத்திலும் நம் இரண்டு பேரையும் "வா அம்மணி, வா மாப்ளே" என்று கேட்டார், அதில் குறை வைக்கவில்லை. ஆனால் பிறகு தன் விசைத்தறிக் குடோனுக்கு முன்னால் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, தறிச் சத்தத்தைக் கேட்கிறவர் மாதிரி இருந்தார். நீ ரமேஷ் பேச்சையே எடுக்கவில்லை. "மாமா, கல்யாணமான புதுசுல நீங்க மாமியா ஊட்டுக்குப் போனா எப்படிக் கவனிப்பாங்க?" என்று கேட்டாய். அந்தப் பேச்சு என்றால் மாமாவுக்கு எப்பேர்ப்பட்ட கோபமும் இறங்கிவிடும் என்று உனக்கு யார் சொன்னார்களோ!

"அதை ஏங் கேக்கற மாப்ளே! நா காங்கேயத்துல பஸ் எறங்கறப்பவே அங்க கோழி அடிச்சிருப்பாங்க. நாலு வகைப் பலகாரம், இலையில எடமிருக்காது."

"உங்க மாமியா பக்கத்துல நின்னு பரிமாறுவாங்களா?"

"சேச்சே! மாமியா எப்படி மருமகன் முன்னால வருவாங்க? கதவுக்கு அக்கட்ட நின்னுக்குவாங்க. 'மாப்ளைக்கு இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்து'ன்னு சத்தம் மட்டுந்தான் வரும்."

"நேருக்கு நேரா பாத்ததே இல்லீங்களா?"

"ஒரே ஒருக்கா. நா சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டேன், அவங்க வாசல்ல நின்னுட்டிருந்தாங்க. என்னையக் கண்டதும் முந்தானைய இழுத்து மூஞ்சிய மூடிட்டு, அப்படியே செவுத்துப் பக்கம் திரும்பிட்டாங்க."

"உங்களுக்குக் கோவம் வரலீங்களா மாமா?"

"எதுக்குக் கோவம்? நெம்ப மரியாதைக்காரங்க அவங்க" என்று சொன்ன மாமா, அதற்கு மேல் பேச வந்தவர், அப்படியே நிறுத்திவிட்டார். நீ அவர் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாய். அடுப்படியிலிருந்து உன் அத்தைதான் கரண்டியும் கையுமாக வெளியே வந்தார். "ஏனுங்க, எங்கம்மா செவுத்துப் பக்கந் திரும்புனா மரியாதை, அந்த ஒடிசாப் புள்ள திரும்புனா திமிருங்களா? அன்னிக்குக் காருக்குள்ள நா வாயத் தொறந்தா உடுவீங்களா?" என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டு உள்ளே போனார். மாமா தலையைச் சொறிந்துகொண்டார். தறிச் சத்தத்தை இந்தத் தடவை நிஜமாகவே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "அப்போ அந்தப் புள்ள என்னைய மாமனாரு மொறைக்கு வெச்சிருக்குதா மாப்ளே?" என்றார். "அப்படித்தானுங்க மாமா" என்றாய்.

அதற்குப் பிறகுதான் நீ படித்ததில் கொஞ்சம் எடுத்துவிட்டாய். ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிகளில் பல பிரிவுகளில் மருமகனும் மாமியாரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவே மாட்டார்கள் என்றாய். ஆப்பிரிக்காவின் தெற்கே சில இனங்களில் கல்யாணமாகிப் போன பெண் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாள், நம் ஊர்ப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லாமல் இருந்த மாதிரி என்றாய். மாமா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப நம்மாளுக அங்க வரைக்கும் போயிருக்காங்களா?" என்று ஆச்சரியமாகக் கேட்டார். "நம்மாளுக இல்லீங்க மாமா, மனுசங்க" என்றாய். அன்று நமக்குக் கோழி அடித்தார்கள். அடுத்த வருடம் மாமா பூஜைக்கு வந்தபோது கேட்டில் இறங்கி, சபிதா முக்காடு போடுகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். வந்தவர்களிடம் எல்லாம், "பாத்தீங்களா, என்னையக் கண்டாத்தான் அந்தப் புள்ள முக்காடு போடுது, வேற யாருக்கும் போடறதில்ல" என்று பெருமை அடித்துக்கொண்டார். அவருக்கு இப்போதும் அதில்தான் பெருமை.

வெள்ளகோவிலில் இருந்து திரும்பிய பஸ்ஸில் நீ என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாய். பல்லடம் வருகிற வரைக்கும் நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். இவன் நான் பெற்ற பிள்ளை என்று அவ்வளவு பெருமையாக இருந்தது. ரமேஷ் வேலை தப்பியது ஒரு பக்கம். அதைவிட, உனக்குப் பதில் தெரிந்திருந்தும் நீ அதை எடுத்து நீட்டாமல் அவர் வாயாலேயே வரும்வரை காத்திருந்தாயே, அது எனக்குத் தெரிந்த எந்த ஆம்பளைக்கும் வராது. உங்கப்பாவுக்கு வராது, மாமாவுக்கு வராது, எனக்கும் வராது. வீட்டுக்கு வந்து உங்கப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். "கழட்டாமயே கோளாறு கண்டுபுடிச்சுட்டானா?" என்று கேட்டுவிட்டு, அன்றோடு பட்டறைப் பேச்சை உன்னிடம் எடுப்பதை விட்டுவிட்டார்.

உன் படிப்பு எப்போதும் எங்களுக்கு இனித்தது என்று சொன்னால் நீயே நம்ப மாட்டாய். ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது நீ கேட்டாயே, அதை நான் மறக்கவில்லை. "அப்பா, நம்ம தெருச் சாக்கடை அடைப்பெடுக்க ஒருத்தர் நான் பொறந்ததுல இருந்து வர்றாரு. அவரை நாம ஒரு நாளாவது வாங்கன்னு கேட்டிருக்கமா? வந்தியான்னுதானே கேக்கறோம்? நம்ம 'வாங்க' யாருக்கெல்லாம் கெடைக்குதுன்னு எழுதப் போறேன்" என்றாய். உங்கப்பா பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். எனக்கும் உன்மேல் எரிச்சல்தான் வந்தது. உலகத்தையெல்லாம் பார்க்கிறவன் கடைசியில் நம் வீட்டு வாசலுக்கா வர வேண்டும் என்றிருந்தது. உங்கப்பா என்ன நினைத்தாரோ, சில மாதம் கழித்து அந்த மனிதர் கேட்டுக்கு வந்தபோது, முன்னால் போய் நின்று, "வாங்க" என்றார். ரொம்ப சத்தமாகச் சொல்லிவிட்டார், பழக்கமில்லை பார். அந்த மனிதர் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தார், தனக்குப் பின்னால் வேறு யாரோ பெரிய மனிதர் வந்திருக்கிறார் என்று. அதைப் பார்த்து நான் உள்ளே போய்விட்டேன், என்னால் அங்கே நிற்க முடியவில்லை. இப்போது அவரை நாங்கள் வாங்க என்றுதான் கேட்கிறோம், உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார். தெரு மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டில் இன்னும் "வந்தியா" தான்.

இப்போது உன் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுக்கு வருகிறேன். பிழைக்க வந்த வெளியூர்க்காரர்களை உள்ளூர்க்காரர்கள் எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள், எங்கே தடுக்கிறார்கள் என்று நாலைந்து தேசங்களில் ஒரே நேரத்தில் ஒரு ஆராய்ச்சிக் குழுவாகப் பார்க்கப் போகிறோம், அதில் கானாவின் சந்தை ஊர் ஒன்று எனக்கு என்று நீதான் துள்ளிக் குதித்துச் சொன்னாய். அங்கேயும் வந்தவருக்கு முதலில் உட்கார இடமும் தண்ணீரும் கொடுத்துவிட்டுத்தான் வந்த சேதி என்ன என்று கேட்பார்களாம், அதைக்கூட நீதான் சொன்னாய். கேட்டதும் எனக்கு அந்த ஊரே பிடித்துவிட்டது. இத்தனை காலமாக வெளிநாட்டுக்காரர்கள் வந்து நம்மைப் பார்த்து, நம் சடங்கைப் பார்த்து, புத்தகம் எழுதிக்கொண்டு போனார்கள் என்று நீ சொல்வாய். இன்றைக்கு மோட்டார்ப் பட்டறைக்காரியின் மகனைக் கூப்பிட்டு, நீ வந்து பார், நீ வந்து எழுது என்கிறார்கள். ஒடிசா ஆட்களோடு வளர்ந்தவனுக்குத்தான் அது தெரியும் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அதை வேண்டாம் என்று எழுத உனக்குக் கை எப்படி வரும்?

அப்பாவுக்காக என்றாய். உங்கப்பா நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தபோது நீ ராத்திரி பகலாகக் கூட இருந்தாய், அதெல்லாம் நாங்கள் மறக்க மாட்டோம். ஆனால் வலி வந்த அன்றைக்கு நீ ஹைதராபாத்தில் இருந்தாய். அவரைத் தூக்கி ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது ரமேஷ். நீ ஊர் வந்து சேரும்வரை அங்கேயே தரையில் படுத்துக் கிடந்தவனும் அவன்தான். எனக்குக் கண் முன்னைப் போல் இல்லை, மெல்லிசுக் கம்பி தெரிய மாட்டேன் என்கிறது, வைண்டிங்கை முழுக்க சபிதாதான் பார்க்கிறாள். முட்டி வலிக்கும் நாளில் எனக்கும் சேர்த்து அவளே சமைத்துக் கொண்டுவருகிறாள், கடுகெண்ணெய் வாசனைகூட எனக்குப் பழகிவிட்டது. நாங்கள் தனியாக இருக்கிறோம் என்று நினைத்துத்தானே நீ வரப் பார்க்கிறாய்? எங்களைத் தனியாக விடாமல் செய்துவிட்டுத்தான் நீ போயிருக்கிறாய், அதுவும் அந்த ஆயுத பூஜை வருடத்திலேயே.

உங்கப்பாவைப் பற்றி இன்னொன்று சொல்கிறேன், நான் சொன்னதாக அவரிடம் கேட்காதே. போன வாரம் செக்கப்புக்குப் போனோம். டாக்டர் "எப்படிங்க இருக்கீங்க?" என்று கேட்டார். மூச்சு வாங்குகிறதா, மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்று சொல்ல வேண்டிய மனுசன், "பையன் ஆப்பிரிக்கா போறானுங்க டாக்டர். அங்கத்த மனுசங்களப் பத்திப் புஸ்தகம் எழுதப் போறானுங்க" என்றார். டாக்டர் என்னைப் பார்க்க, நான் மாத்திரைச் சீட்டை எடுத்து நீட்டினேன். வெளியே வந்து, வரிசையில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு மேட்டுப்பாளையம் பாக்கு வியாபாரியிடமும் அதையே சொன்னார். அவர், "அங்க பாக்கு தின்பாங்களாங்க?" என்று கேட்டதற்கு, "பையன் போய்ப் பாத்துட்டுச் சொல்லுவானுங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். இந்த மனுசனிடம் போய், உங்களுக்காகத்தான் உங்கள் பையன் போகவில்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? அவர் நெஞ்சுக்கு அது ஆகாது.

போகிறவனுக்கு அம்மா சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். கொடுப்பதைச் சாப்பிடு. பிடிக்கவில்லை என்றால் இரண்டாவது தடவை கொஞ்சமாக வாங்கிக்கொள், முதல் தடவை முகத்தைச் சுளிக்காதே. நீ அவர்களைப் பார்க்கப் போகிறாய், அவர்களும் உன்னைப் பார்ப்பார்கள். உன்னிடம் கேள்வி கேட்டால் வேலை கெடுகிறது என்று நினைக்காமல் உட்கார்ந்து பதில் சொல். உன் ஊர் எப்படி என்று கேட்டால் கோழி அடிக்கிற கதையை மட்டும் சொல்லாதே, பின்னால் திரும்பிப் பார்த்த அந்த மனிதரைப் பற்றியும் சொல். நல்லதை மட்டும் சொல்கிறவனிடம் யாரும் தன் வீட்டுக் கஷ்டத்தைத் திறந்து சொல்ல மாட்டார்கள். யாராவது உன் மனசு நோகிற மாதிரி நடந்துகொண்டால், மாமா மாதிரி காரில் ஏறிவிடாமல் ஒரு நாள் பொறு. காய்ச்சல் வந்தால் என்னிடம் மறைக்காதே, உன் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிடும். எங்களில் யாருக்காவது ஏதாவது என்றால் நானும் உன்னிடம் மறைக்க மாட்டேன், அது என் வாக்கு. எனக்கு நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசை இல்லாமல் இல்லை கண்ணு. நிறைய இருக்கிறது. ஆனால் நீ பீளமேட்டில் காலேஜுக்குப் போய்விட்டு வந்து, போகாத ஊரை நினைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவதை என்னால் பார்க்க முடியாது.

நீ இதையும் படித்துவிட்டு "சரிம்மா" என்று சொல்லிவிட்டு வந்து நிற்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால் நேற்று ஒரு காரியம் செய்தேன். மாடியில் இருக்கிற உன் அறையை வாடகைக்கு விட்டுவிட்டேன். மணிப்பூரிலிருந்து நர்சிங் படிக்க வந்திருக்கிற இரண்டு பெண்கள், வருகிற ஒன்றாம் தேதி குடி வருகிறார்கள். உன் புத்தகங்களைப் பட்டறை மாடியில் ஏற்றியாயிற்று, கட்டிலையும் அவர்களுக்கே விட்டுவிட்டேன். இனி இந்த வீட்டில் உனக்கு இடம் ஹாலில் ஒரு பாய்தான், அதுவும் லீவுக்கு வந்தால் மட்டும். முடியாது என்று எழுதும் எண்ணத்தை விட்டுவிட்டு, வருகிறேன் என்று இன்றைக்கே எழுதிப் போடு. அட்வான்ஸ் பணத்தை அந்தப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை, காலையிலேயே டவுன்ஹால் கடைவீதிக்குப் போய் அதில் உனக்கு ஒரு பெரிய பெட்டி வாங்கிவிட்டேன். ஹாலில்தான் இருக்கிறது. உங்கப்பா சக்கரத்தை உருட்டிப் பார்க்கிறார், ஜிப்பை இழுத்துப் பார்க்கிறார், ரெண்டு வருசத்துக்குத் தாங்குமா என்று என்னைக் கேட்கிறார்.

அம்மா